கணக்கில் இருக்கும் காசு யாருடையது?

நம் இளைஞர் முகாம்களில் தொழில் பற்றி ஓர் அங்கம் வைத்தால், கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்: "அண்ணா, நேர்மையா இருந்தா பிஸ்னஸ்ல வளர முடியுமா?" மேடையில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, "முடியும் தம்பி, கொஞ்சம் லேட் ஆகும், அவ்வளவுதான்" என்பார். கைதட்டல் கிடைக்கும். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஊரை ஏமாற்ற வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு நம் பிள்ளைகளில் யார் கம்பெனி பதிவு செய்யப் போகிறார்கள்? வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள், தேவாரப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் வழுக்கி விழும் இடத்தில் 'இது திருட்டு' என்று பலகை மாட்டியிருக்காது. கைப்பேசியைத் திறந்தால் தெரியும் வங்கி மீதித் தொகை, அதுதான் அந்த இடம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கல்யாண மேடை அலங்காரம் செய்யும் சின்ன நிறுவனம். இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள், இப்போது நான்கு ஊழியர்கள். மாதக் கடைசி. வங்கிக் கணக்கில் 48,000 ரிங்கிட் இருக்கிறது. பார்த்தவுடன் மனசு குளிரும். "ஒரு 15,000 போட்டு எல்.இ.டி. திரை வாங்கிட்டா பெரிய மண்டப ஆர்டர் எல்லாம் பிடிச்சிடலாம்டா" என்று தோன்றும். இதைத்தான் வளர்ச்சி என்கிறோம்.

இப்போது அந்த 48,000 யாருடையது என்று பிரித்துப் பாருங்கள். இன்னும் நடக்காத கல்யாணங்களுக்கு வாங்கிய முன்பணம் 26,000. பூக்காரருக்கும் துணிக்கடைக்கும் பாக்கி 9,500. ஊழியர் ஒருவருக்குச் சம்பளம் 2,000 என்றால், அதில் அவர் பங்கு ஊழியர் சேமநிதி 11 விழுக்காடு, அதாவது 220. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 260. நான்கு பேருக்கும் சேர்த்து 1,920. அதை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிடித்தம் போகக் கையில் கொடுக்க வேண்டிய சம்பளம் 7,120. சொக்சோவை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கூட்டினால் 44,540. ஆக, நிறுவனத்துக்குச் சொந்தமான பணம் 3,460 ரிங்கிட். எல்.இ.டி. திரையின் ஒரு மூலையைக்கூட வாங்க முடியாது.

திரையை வாங்கினால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. அடுத்த மாதம் புது ஆர்டர் வரும், புது முன்பணம் வரும், அதை வைத்துப் பழைய கல்யாணத்தை முடிக்கலாம். பூக்காரரிடம் "அடுத்த வாரம்ணே" என்று சொல்லலாம். சேமநிதியை ஒரு மாதம் தள்ளிப் போடலாம், ஊழியருக்கு உடனே தெரியவும் தெரியாது. வளரும்வரை இது ஓடும். ஆனால் வளர்ந்துகொண்டே இருந்தால்தான் ஓடும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கல்யாணங்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றன. அன்றைக்கு முன்பணத்தைத் தனியாக வைத்திருந்தவரால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அதை வைத்து லாரி வாங்கியவரிடம் லாரி இருந்தது, மணமகளின் அப்பாவுக்குச் சொல்லப் பதில் இல்லை.

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். முன்பணத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கல்யாணத்துக்கான பூவையும் துணியையும் அதில் வாங்கலாம், கொடுத்ததே அதற்குத்தான். இன்னொரு கல்யாணத்தின் ஓட்டையை அடைப்பதற்கோ, நம் கம்பெனியைப் பெரிசாக்குவதற்கோ அவர் கொடுக்கவில்லை. அப்படிப் பயன்படுத்தும்போது அவரை நம் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவராக ஆக்கிவிடுகிறோம். கடன் கொடுத்தது அவருக்கே தெரியாது. ஊழியரும் அப்படித்தான், பூக்காரரும் அப்படித்தான். முதலீட்டாளர் நஷ்டம் வந்தாலும் வரட்டும் என்று தெரிந்து பணம் போடுகிறார், லாபம் வந்தால் பங்கும் கேட்பார். மாதம் 2,000 ரிங்கிட் வாங்கும் தம்பியின் 220 ரிங்கிட்டை வைத்து நாம் ரிஸ்க் எடுக்கிறோம், அவனுக்குப் பங்கும் கிடையாது, தகவலும் கிடையாது. சம்பளத்தில் பிடித்துவிட்டுச் சேமநிதியில் கட்டாமல் இருப்பது நம் நாட்டில் சிறைவரை கொண்டுபோகக்கூடிய குற்றம். சட்டம் அதைக் கடுமையாகப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

நம் அம்மாமார் தாமானில் பிடிக்கும் கூட்டு ஞாபகம் வருகிறது. ('கூட்டு' என்ற நம் தமிழ்ச் சொல்லே 1971ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டத்தின் பெயரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.) கூட்டில் யார் எவ்வளவு போட்டார், இந்த மாதம் யார் எடுக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். தலைமை தாங்கும் அக்கா அந்தப் பணத்தில் தன் வீட்டுக்குச் சோபா வாங்கினால் ஊரே திருடி என்று சொல்லும். அதே காரியத்தை ஒரு கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் 'கேஷ்-ஃப்ளோ பிரச்சினை'. வார்த்தை மாறினால் கூச்சம் குறைந்துவிடுகிறது.

திருவாதவூரர் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். முகாமில் நாடகமாகவே நடித்திருப்போம். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை எடுத்துக்கொண்டு அமைச்சர் புறப்படுகிறார். திருப்பெருந்துறையில் குருவைக் காண்கிறார். பொன் எல்லாம் திருப்பணிக்கும் அடியார்க்கும் போய்விடுகிறது. மன்னன் கேட்கிறான்: குதிரை எங்கே?

மாணிக்கவாசகர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அவரை ஆட்கொண்டது யார் என்பது நமக்குத் தெரியும். அது இறைவனின் திருவிளையாடல். ஆனால் பாண்டியனின் கேள்வியும் நியாயமான கேள்விதான். ஒரு காரியத்துக்காகக் கொடுத்த பணம் வேறு காரியத்துக்குப் போயிருக்கிறது; அந்த வேறு காரியம் எவ்வளவு புனிதமாக இருந்தாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. வாதவூரரும் தண்டனையை ஏற்று வைகையின் சுடுமணலில் நின்றார்.

ஸ்டார்ட்-அப் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் மனசில் ஒரு பெருந்துறை இருக்கிறது. 'நம்ம சமுதாயத்துக்கு வேலை கொடுக்கப் போறோம்', 'தமிழ்ப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஆப் செய்யப் போறோம்', 'விவசாயி வாழ்க்கையை மாத்தப் போறோம்.' நல்ல நோக்கம்தான், சந்தேகமில்லை. நல்ல நோக்கம் இருப்பதால்தான் கை துணிந்து அடுத்தவர் பணத்துக்குள் போகிறது. சுயநலத்துக்காக எடுப்பவனுக்காவது உள்ளுக்குள் உறுத்தும். லட்சியத்துக்காக எடுப்பவனுக்கு உறுத்தாது, தியாகம் செய்வதாகவே தோன்றும்.

கதையின் அடுத்த பாதி இன்னும் முக்கியம். திருவிளையாடற் புராணத்தில் நரி பரியாக்கிய படலம் 59ஆவது, பரி நரியாக்கிய படலம் 60ஆவது. ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்து சேர்கின்றன. மன்னன் மகிழ்கிறான், கயிறு மாற்றிக் கொடுக்கப்படுகிறது. அன்று இரவே எல்லாம் நரியாகி ஊளையிடுகின்றன. போகிற போக்கில், லாயத்தில் ஏற்கெனவே இருந்த உண்மையான குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டுப் போகின்றன. அந்த வரியைத்தான் நாடகத்தில் நாம் வழக்கமாக விட்டுவிடுகிறோம்.

இந்தோனேசியாவின் இ-ஃபிஷரி நிறுவனத்தைப் பாருங்கள். 2013இல் மேற்கு ஜாவாவில் தொடங்கியது. மீன் வளர்ப்பவர்களுக்குத் தானாகத் தீவனம் போடும் கருவி. அருமையான யோசனை, உண்மையிலேயே பயன்பட்ட கருவி. 2023இல் அதன் மதிப்பு 100 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அந்தச் சுற்றில் பணம் போட்டவர்களில் நம் நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான குவாப்பும் ஒன்று. 2024 கடைசியில் நிறுவனர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 2025 ஜனவரியில் வெளியே வந்த விசாரணை வரைவறிக்கையின்படி, 2024இன் முதல் ஒன்பது மாதத்துக்கு முதலீட்டாளர்களிடம் காட்டிய வருமானம் சுமார் 75 கோடி டாலர். உண்மையில் இருந்தது 16 கோடிக்கும் குறைவு. லாபம் என்று காட்டிய இடத்தில் நஷ்டம் இருந்தது. நிறுவனத்துக்குள் ஒரு கணக்கு, வெளியில் காட்ட ஒரு கணக்கு.

எப்போது ஆரம்பித்தது? 2018இன் இறுதியில், கையில் பணம் தீரும் நேரத்தில் என்று அவரே பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். நிறுவனத்தைப் பிழைக்க வைக்கத்தான் செய்தாராம். நான் அதை நம்புகிறேன். ஒரு தடவை எண்ணைக் கூட்டிக் காட்டினால், அடுத்த வருடம் அந்தப் பொய் எண்ணிலிருந்து வளர வேண்டியிருக்கிறது. நரியை ஒரு நாள் குதிரை என்று காட்டிவிட்டால் மறுநாளும் குதிரையாகவே காட்டியாக வேண்டும், அதுவும் இன்னும் பெரிய குதிரையாக. கடைசியில் கடிபட்டவை நிஜக் குதிரைகள்: வேலை இழந்த ஊழியர்கள், அந்தக் கருவியை நம்பியிருந்த மீன் வளர்ப்பவர்கள், குவாப்பை நம்பியிருக்கும் நம்ம ஊர் அரசு ஊழியர்கள். 'முதலீட்டாளர்னா யாரோ பெரிய பணக்காரன், போனா போகுது' என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசிப் பெயரைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதற்குப் பதினாறு வருடம் முன்னால் ஹைதராபாத்திலும் இதே கதை. நிறுவனத்தின் பெயரே சத்யம். 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய 5,000 கோடி ரூபாய்க்கும் மேலான ரொக்கம் இல்லவே இல்லை. ஆரம்பத்தில் உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் சின்ன இடைவெளிதான் இருந்தது, கம்பெனி வளர வளர அதுவும் வளர்ந்தது என்றார். புலிமேல் ஏறியவன் இறங்க முடியாத நிலை என்று அவரே சொன்னார். கடைசி முயற்சியாக அவர் வாங்கப் பார்த்த குடும்ப நிறுவனங்களின் பெயர் மேய்டாஸ். ஆங்கிலத்தில் சத்யத்தைத் திருப்பி எழுதினால் வருவது அது. இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் 'ரொம்ப செயற்கையா இருக்கே' என்று சொல்லியிருப்போம்.

அதற்குச் சில மாதம் முன்புதான், 2008இல், நல்ல நிர்வாகத்துக்காகத் 'தங்க மயில்' என்னும் அனைத்துலக விருது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மயில் என்றதும் வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்ன வண்டிதான் நினைவுக்கு வருகிறது. இறகுதானே, கனமே இல்லையே என்று ஏற்றிக்கொண்டே போனால் அச்சு முறியும். தள்ளிப்போட்ட ஒரு மாதச் சேமநிதி, கூட்டிக் காட்டிய ஓர் எண், 'அடுத்த வாரம்ணே' என்ற ஒரு வார்த்தை, ஒவ்வொன்றும் இறகுதான்.

வள்ளுவரைப் பற்றி இன்னொன்று. வணிகர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் சொல்லும் புகழ்பெற்ற குறள், அடுத்தவர் பொருளையும் தம் பொருள்போல் பேணச் சொல்லும் அந்தக் குறள், எங்கே இருக்கிறது? பொருட்பாலில் பொருள்செயல்வகை என்று தனி அதிகாரமே இருக்கிறது. அங்கே இல்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்திருக்கிறார். தராசைப் பற்றிப் பேசும் இடத்தில் வியாபாரத்தையும் பேசிவிட்டார். தம் பொருள்போல் பேணுவது என்றால் தம் பொருளாகவே எடுத்துக்கொள்வது என்று சிலர் புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது.

சரி, இதற்கெல்லாம் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. "பேசறது சுலபம். நம்ம பையனுக்கு வங்கி கடன் கொடுக்கறதில்ல. அப்பாவிடம் முதல் இல்ல. பெரிய கம்பெனிக்கு வேலை செஞ்சா பில்லு கட்ட மூணு மாசம் ஆக்கறான். அவன் லேட்டா கொடுக்கும்போது நான் மட்டும் எப்படிக் கரெக்ட்டா கொடுக்கறது?"

இந்தக் கேள்வியை நான் தட்டிவிட மாட்டேன். மூன்று மாதம் இழுக்கும் பெரிய கம்பெனி செய்வதும் அனுமதி கேட்காத கடன்தான். சின்னவனிடம் வட்டியில்லாமல் வாங்குகிறது, அவ்வளவுதான். அந்த அநியாயம் உண்மை. ஆனால் அதைக் கீழே தள்ளிவிட்டால் எங்கே போய் நிற்கும்? நம்மிடம் வேலை செய்பவரிடமும், நமக்குப் பூக்கட்டும் அக்காவிடமும். அவர்களுக்குத் தள்ளிவிட இன்னொருவர் கிடையாது. இப்படிப்பட்ட வாடிக்கையாளரை எத்தனை பேர் தாங்கும் அளவுக்கு நம்மிடம் சொந்தப் பணம் இருக்கிறது என்பதுதான் நம் வளர்ச்சியின் அளவு. இரண்டு பேரைத் தாங்கலாம் என்றால் மூன்றாவது ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். கஷ்டம்தான். ஆர்டரைத் திருப்பி அனுப்பும் நாளில் யாரும் கைதட்ட மாட்டார்கள், பேஸ்புக்கில் போடவும் முடியாது.

அந்தக் காலத்தில் மலாயாவில் தொழில் செய்த நகரத்தார், சொந்த முதலை முதற்பணம் என்றும் பிறரிடம் வாங்கி நடத்துவதை மேற்பணம் என்றும் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களைப் புனிதராக்க நான் முயலவில்லை. கடனில் நிலம் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆனாலும் எது என் காசு, எது அடுத்தவர் காசு என்பதற்கு இரண்டு தனிப் பெயர் இருந்தது பெரிய விஷயம். இன்று நம் கைப்பேசியில் ஒரே மீதித் தொகைதான் தெரிகிறது. அதனால் இரண்டு கணக்கு திறந்துகொள்ளுங்கள் என்றுதான் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளிடம் சொல்வேன். முன்பணமும் சேமநிதியும் வரும் அன்றே இரண்டாவது கணக்குக்குப் போய்விடட்டும். மனக்கட்டுப்பாடு என்று பெரிதாகப் பேசுவதைவிட இது எளிது. கண்ணில் படாத காசின் மேல் ஆசையும் குறைவு.

அப்படியும் பணம் முட்டும் மாதம் வரும். வந்தால், 15ஆம் தேதிக்கு முன்பே பூக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த மாசம் பாதிதான் முடியும், மீதி இருபதாம் தேதிக்கு மேலதான், உங்களுக்குப் பரவால்லையா?" என்று கேளுங்கள். முடியாது என்று சொல்லும் வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள். அவர் சரி என்றால் அது கடன். கேட்காமலே தள்ளிப்போட்டால் அதற்குக் கடன் என்ற பெயர் பொருந்தாது. கள்ளாமையைத் துறவறவியலில் வைத்திருக்கிறார், அது துறவிக்கு மட்டும்தான் என்று யாராவது வாதாடினால், அவரிடம் நான் பூ வாங்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன்.

நம்மைப் போன்ற இயக்கங்களில் வளர்ந்தவர்களுக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. நமக்குத் தொண்டு பழக்கம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடக் கூப்பிட்டால் முப்பது பேர் வருவார்கள், காசு கேட்க மாட்டார்கள். கம்பெனி தொடங்கியதும் அதே முப்பது பேரைக் கூப்பிடுகிறோம். "மச்சான், சனிக்கிழமை ஒரு செட்-அப் இருக்கு, வந்து கைகொடு." வருவான். மேடை கட்டுவான், லாரியில் ஏற்றி இறக்குவான். நாசி லெமாக் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். பந்தலில் அவன் கொடுத்தது இறைவனுக்கு. இங்கே அவன் கொடுப்பது நம் லாபத்துக்கு. அவன் வாய்திறந்து கேட்க மாட்டான், நட்பு கெட்டுவிடும் என்று பயப்படுவான். 'அனுபவம் கிடைக்கும்' என்று பயிற்சிக்கு வரும் கல்லூரித் தங்கைகளிடம் நடப்பதும் இதுதான்.

பரி நரியாகிய படலத்துக்கு அடுத்தது, 61ஆவது, மண் சுமந்த படலம். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்து நின்றது யார் என்று நமக்குத் தெரியும். உலகையே படைத்தவர், தொண்டாகச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். கூலி பேசித்தான் வேலைக்கு இறங்கினார். அவளிடம் கொடுக்கக் காசு இல்லை. உதிர்ந்த பிட்டுத்தான் கூலி என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டாள். அவர் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை வரப்போகும் நண்பனுக்கு வியாழக்கிழமையே வாட்சாப்பில் அனுப்பிவிடுங்கள்: எத்தனை மணி வேலை, எவ்வளவு வெள்ளி, எப்போது கைக்கு வரும். ஐம்பது வெள்ளிதான் முடியும் என்றால் ஐம்பது என்றே எழுதுங்கள். வருவதா வேண்டாமா என்று அவன் பார்த்துக்கொள்வான்.